பாதி மலையில் திரும்பிய ஜீப்

எங்கள் ஜீப்பில் இரண்டாம் உலகப் போர் இரண்டு மழைக்காலம் நடந்தது. காலையில் மலை ஏறும்போது மட்டும்தான். சாயங்காலம் இறங்கும்போது போர் கிடையாது. பதினாறு பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவோம். டிரைவர் மாமாவும் வாயைத் திறக்க மாட்டார். கம்பத்தில் எங்கள் தெருமுனைக்கு வந்து, "எந்திரிங்கத்தா, ஊரு வந்துருச்சு" என்பதோடு சரி.

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் விடிந்ததும் ஜீப்புகள் போகும். பி.ஏ. வரலாறு முடித்த கையோடு அப்பா படுக்கையில் விழுந்தார், நான் ஜீப்பில் ஏறினேன். ஒரு வருடம் என்று நினைத்து ஏறியவள் நாலு வருடம் போனேன். ஏலச்செடியின் காய் தரையை ஒட்டிக் காய்க்கும். நாளெல்லாம் குனிந்தும் குந்தியும் எடுக்க வேண்டும். காலில் அட்டை ஏறியிருப்பதுகூட வீட்டுக்கு வந்து பாவாடையை உதறும்போதுதான் தெரியும். அந்த வயதில் அவ்வளவு அலுப்பு ஆகாது என்று இப்போது தோன்றுகிறது.

மாமாவுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒல்லி உடம்பு, கழுத்தைச் சுற்றித் துண்டு, காதோரம் மட்டும் நரை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். வீட்டில் செல்போனில் யாரோ தமிழில் சொல்லும் போர்க்கதைகளைக் கேட்பார். கேட்டதை மறுநாள் அடிவாரம் தாண்டி, முதல் வளைவில் கியரைக் குறைத்ததும் ஆரம்பிப்பார்.

"நேத்து எங்கன விட்டோம்?"

"ரசியாக்காரன் ஜெர்மன்காரனைச் சுத்தி வளைச்சுட்டான். பனி கொட்டுது. சோறு இல்ல" என்று பேச்சியக்கா எடுத்துக் கொடுப்பாள். பேச்சியக்காதான் எங்கள் செட்டுக்குத் தலைவி. கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. ஆனால் ஸ்டாலின்கிராடு என்று பிசகாமல் சொல்லுவாள்.

பீரங்கி, விமானம், குண்டு எல்லாவற்றையும் மாமா ஓட்டமாகச் சொல்லிப் போய்விடுவார். யாராவது ஒருவர் பின்வாங்கியிருக்கக்கூடிய இடம் வந்தால் மட்டும் குரல் தணியும், வண்டியும் கொஞ்சம் மெதுவாகும். "இங்கன. இந்த இடத்துல விட்டுட்டு வந்திருக்கலாம்" என்பார். "கீழ நிக்கிற தளபதி, வெளிய வந்துரட்டுமான்னு கேக்குறான். மேல ஒருத்தன் மேப்பைப் பாத்துக்கிட்டு, வரக்கூடாதுங்கறான். குளிரு யாருக்குத் தெரியும், நிக்கிறவனுக்குத்தேன?"

பின்சீட்டில் யாராவது உச்சுக்கொட்டுவார்கள். யார் பெத்த பிள்ளைகளோ என்பார்கள். "அந்த ஜெர்மன்காரங்கதேன் சண்டைய ஆரம்பிச்சாங்க. அவங்க செஞ்ச அநியாயம் கொஞ்சமில்ல" என்று நான் படித்ததைக் காட்டுவேன்.

"ஆரம்பிச்சவன் பனியிலயா நிக்கிறான்?" என்பாள் பேச்சியக்கா.

பிரெஞ்சுக் கடற்கரையிலிருந்து ஆங்கிலேயப் படை படகு படகாகத் தப்பிப் போன கதையை மாமா ஒரு வாரம் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஜெயிச்ச கதையச் சொல்லுங்க மாமா" என்றேன். "இதுதேன்த்தா ஜெயிச்ச கதை. உசுரோட வீடு போய்ச் சேந்தாகள்ல" என்றார். இம்பால் சண்டையைச் சொன்னபோது, ஜப்பான் தளபதிகள் இரண்டு பேர் நேருக்கு நேர் உட்கார்ந்திருந்த காட்சிக்கு வந்ததும் வண்டியை ஓரமாகவே நிறுத்திவிட்டார். "மழை புடிச்சிருச்சு. அரிசி தீந்துருச்சு. போதும்னு சொல்லணும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். இவன் சொல்லட்டும்னு அவன் பாக்குறான், அவன் சொல்லட்டும்னு இவன் பாக்குறான். கடைசி வரைக்கும் ஒருத்தனும் வாயத் தொறக்கல. அதுக்குப் பெறகு எத்தனை பேரு பசியில செத்தான் தெரியுமா?" என்று எங்களையே குற்றவாளிகள்போலப் பார்த்தார்.

எனக்கும் அவருக்கும் ஓயாத தகராறு ஒன்று உண்டு. போரின் திருப்புமுனை எது என்று பரீட்சையில் கேட்பார்கள். ஸ்டாலின்கிராட் என்று எழுதி நான் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மாமாவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. "அன்னைக்கு அங்கன இருந்தவனுக்கு அது திருப்புமுனைன்னு தெரியுமா? அவன் பாட்டுக்குச் செத்துக்கிட்டிருந்தான். பின்னாடி வந்த நீங்கதேன் கோடு போடுறீக" என்பார். "அப்ப வரலாறே வேண்டாமா மாமா?" என்று கேட்டால், "வேணும்த்தா, நீ படிச்ச பிள்ள, நீ சொன்னாச் சரிதேன்" என்று உடனே இறங்கிவிடுவார். வாதத்தில் ஜெயித்த சந்தோஷம் ஒருநாளும் எனக்குக் கிடைத்ததில்லை.

அதுதான் அவர். எதையும் விட்டுக்கொடுத்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரன் சுவரை ஒரு அடி தள்ளிக் கட்டினான். இவர் தன் சைக்கிளை ஒரு அடி தள்ளி நிறுத்திக்கொண்டார். "எங்க வீட்டுல இவுகளைச் சண்டைக்கு அனுப்புனா, போட்டிருக்கிற சட்டையையும் கழட்டிக் குடுத்துட்டு வருவாக" என்று அவர் மனைவி எங்கள் எதிரிலேயே சொல்லுவார். மாமா அதற்கும் சிரிப்பார். மலையில் எதிரே எந்த வண்டி வந்தாலும் ஒதுங்கி நின்று வழிவிடுவார். பின்னால் வருபவன் ஹாரன் அடித்தால் போ போ என்று கையைக் காட்டுவார். இதனால் எங்களுக்குத்தான் கஷ்டம்.

ஏனென்றால் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஜீப் முதலில் வந்து சேருகிறதோ அந்த செட்டுக்குத்தான் ஸ்டோரை ஒட்டிய நிரைகள், அதாவது செடிவரிசைகள். காயை உலர்த்தும் கட்டடத்துக்குப் பெயர் ஸ்டோர். அதன் அருகே செடி அடர்த்தி, காய் நிறைய, சுமக்கிற தூரமும் குறைவு. பிந்தி வந்தவர்களுக்குப் பள்ளத்தில் உள்ள நிரைகள். அதனால் ஜீப்புகள் மலையில் பந்தயம் போடும். எங்களோடு போட்டிபோட்டது ஒரு சிவப்பு ஜீப். அதன் டிரைவர் இளவட்டம். அவன் தினமும் முந்துவான், நாங்கள் தினமும் பள்ளத்தில் இறங்கி ஏறினோம்.

ஒருநாள் வளைவில் அவன் முந்தும்போது எதிரே லாரி வந்துவிட்டது. மூன்று வண்டிகளும் கை நுழையும் இடைவெளியில் நின்றன. சிவப்பு ஜீப்பிலிருந்து ஒரு தூக்குச்சட்டி விழுந்து, சோற்றைச் சிந்திக்கொண்டே பள்ளத்தில் உருண்டு போனது. ரொம்ப நேரம் சத்தம் கேட்டது. அன்று தோட்டத்துக்குப் போனதும் இரண்டு செட்டுப் பெண்களும் குடுமிப்பிடிச் சண்டையில் இறங்கிவிட்டோம். பேச்சியக்காவை விலக்கவே நாலு பேர் தேவைப்பட்டது.

மாமா தூது கிளம்பினார். கங்காணி, சிவப்பு ஜீப்காரன், பேச்சியக்கா மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். ஸ்டோருக்குள் பேசலாம் என்றார் கங்காணி. மாமா வேண்டாம் என்றார். "மூணு நாட்டுத் தலைவருங்க பேசப் போனப்ப, யாரு முதல்ல உள்ள நுழையிறதுன்னு வம்பு வரக்கூடாதுன்னு ஆளுக்கு ஒரு வாசல் வச்சாகளாம். ஸ்டோருக்கு ஒரு வாசல்தேன் இருக்கு" என்று என் காதில் சொன்னார். ஆகவே பலாமரத்தடியில் உட்கார்ந்தார்கள். நான் ஒரு நோட்டுத் தாளும் பேனாவுமாகப் பக்கத்தில்.

மாமா கேட்டது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு எடுப்புக்கும் நிரையை முதல்நாள் சாயங்காலமே முறைவைத்துப் பிரித்துவிட வேண்டும்; காலையில் யார் முந்தி வந்தாலும் மாற்றக்கூடாது. அதற்காக முதல் எடுப்பில் நல்ல நிரைகள் முழுவதையும் சிவப்பு ஜீப்புக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். செடியில் முற்றிய காயை ஒரு சுற்று எடுத்து முடிப்பதுதான் எடுப்பு. சில வாரங்கள் பிடிக்கும். பேச்சியக்கா, "யாரைக் கேட்டுக் குடுக்குறீக?" என்று எழுந்தேவிட்டாள். மாமா கையெடுத்துக் கும்பிட்டு உட்காரவைத்தார்.

சிவப்பு ஜீப்காரன் யோசித்துவிட்டு, தன் பங்குக்கு ஒன்று கேட்டான். "பிரிச்ச பெறகு ஒரு வண்டி ஒருநாள் வரலைன்னாலும், அந்த எடுப்பு முடியிற வரைக்கும் அவுக நெரை வந்த வண்டிக்குச் சேரணும்."

"ஆயிக்கோட்டே, வேலை நிக்கக்கூடாதில்ல" என்று மலையாளமும் தமிழுமாக ஒத்துக்கொண்டார் கங்காணி.

நான் எழுதுவதை நிறுத்தினேன். "மாமா, மழைக்காலம் வருது" என்றேன்.

"எழுதுத்தா. அவன் கையில ஒண்ணு இருந்தாத்தேன் அவனும் கையெழுத்துப் போடுவான். தோத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு ஒருத்தன் வண்டி ஓட்டக்கூடாது" என்றார்.

எழுதினேன். பேச்சியக்கா கைநாட்டு வைத்தாள். மறுநாளிலிருந்து பந்தயம் நின்றுபோனது. இரண்டு ஜீப்பும் முன்னும் பின்னுமாக மெதுவாக ஏறின. சிவப்பு ஜீப்பின் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடத் தொடங்கினார்கள். இது மாமா செய்த காரியம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அந்த வருடம் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. முறைப்படி நல்ல நிரைகள் எங்களுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் காலை, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறினோம். போர் முடியும் தறுவாயில் இருந்தது. ஜப்பான்காரர்கள் ரஷ்யாவை நடுவில் வைத்துச் சமாதானம் பேசலாம் என்று தூது அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். "பதில் வரும் வரும்னு உக்காந்திருக்காக. அங்கன ரசியாக்காரன், இவுகளை அடிக்கிறேன்னு மத்தவங்களுக்கு எப்பவோ வாக்குக் குடுத்துட்டான். அது இவுகளுக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதி மலையில் ஒரு வளைவுக்கு முன்னால் பேச்சையும் வண்டியையும் நிறுத்தினார்.

மலைப்பக்கத்து மண்ணிலிருந்து நீர் கசிந்து ரோட்டின் குறுக்கே ஓடியது. அதற்கு முன் அந்த இடத்தில் தண்ணீரைப் பார்த்ததில்லை. கலங்கல் தண்ணீர். எலுமிச்சங்காய் அளவில் நாலைந்து கல் ரோட்டில் கிடந்தது. மாமா இறங்கிப் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் சிவப்பு ஜீப் வந்து ஹாரன் அடித்தது. மாமா அவனிடம் ஏதோ சொன்னார், மேலே கையைக் காட்டினார். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, எங்களைத் தாண்டி, தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு வளைவில் மறைந்தான்.

மாமா நனைந்துபோய் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். "திரும்பிருவோம்த்தா" என்றார்.

"வெளையாடாதீக. இன்னைக்குப் போகலைன்னா நெரை போயிரும்" என்றாள் பேச்சியக்கா.

"போகட்டும்."

"என்ன போகட்டும்? பதினாறு வீட்டு அடுப்புங்க."

"மாமா, அவன் போயிட்டான்ல? அந்த ஷரத்துக்கு ஒத்துக்கிட்டதே நீங்கதேன்" என்றேன் நான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆமாத்தா. நாந்தேன்" என்றார்.

அந்த இடத்தில் ஜீப்பைத் திருப்ப முன்னும் பின்னுமாக ஏழெட்டுத் தடவை வெட்டி ஒடிக்க வேண்டும். பின்சக்கரத்துக்குக் கல் வைக்க எப்போதும் பேச்சியக்காதான் இறங்குவாள். அன்று இறங்கவில்லை. யாருமே இறங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கைபிரேக்கைப் போட்டுவிட்டு மாமாவே இறங்கி, கல்லை வைத்துவிட்டு, ஏறி ஓட்டினார். நாங்கள் பதினாறு பேரும் உள்ளே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் எங்கள் செட்டில் பாதிப்பேர் தெருமுனைக்கு வந்துவிட்டோம். சிவப்பு ஜீப் வருகிறதா என்று பார்க்கத்தான். ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அன்று நான் வண்டி நல்லபடியாக வர வேண்டும் என்று நிற்கவில்லை. அந்த வளைவில் மண் சரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். கொஞ்சமாவது. ஆள் சாக வேண்டாம், ஆனால் ஏதாவது ஆகியிருக்க வேண்டும், நாங்கள் இழந்ததற்கு ஒரு நியாயம் வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஜீப்பில் என் சித்தி மகளும் போயிருந்தாள். மற்றவர்களும் இதையேதான் நினைத்தார்கள் என்பதை, வண்டி வந்து நின்றபோது முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உள்ளே எல்லோரும் வழக்கம்போல் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பேச்சியக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ படிச்ச பிள்ள. நீ சொல்லு. அவுக திருப்புனது சரியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திருப்புமுனையைப் பற்றி அத்தனை காலை அவரோடு வாதாடியவள் நான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "மாமா பயந்துட்டாக. அம்புட்டுத்தேன்."

மறுநாளே அது ஜீப் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது. பயந்தாங்கொள்ளி என்று சுருங்கி, அவர் காதுபட மற்ற டிரைவர்கள் பேசுகிற அளவுக்கு வந்தது. எங்கள் நிரைகளைச் சிவப்பு ஜீப்பின் செட்டு எடுத்து முடித்தது. ஆளுக்கொரு வண்டியில் இடம் தேடி எங்கள் செட்டு சிதறியது. எனக்கும் பேச்சியக்காவுக்கும் சிவப்பு ஜீப்பிலேயே இடம் கிடைத்தது. மாமா ஒரு வாரம் காலையில் தெருமுனைக்குக் காலி வண்டியோடு வந்து இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனார். நான் கதவுக்கு உள்ளே நின்று அது போகும்வரை காத்திருப்பேன். பிறகு அவர் வருவதை நிறுத்திவிட்டார். ஜீப்பை விற்றுவிட்டு வாழைத்தார் ஏற்றும் வண்டிக்கு டிரைவராகப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

சிவப்பு ஜீப்பில் சினிமாப் பாட்டு ஓடும். சில மாதம் கழித்து ஒருநாள் பாட்டுக்கு நடுவே பேச்சியக்கா கேட்டாள்: "அந்த ஜப்பான்காரனுக்கு ரசியாவுல இருந்து பதில் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. ஒங்களோட சண்டைன்னு வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒரு குண்டு, பின்னாடி ஒரு குண்டு."

பேச்சியக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மாமா திரும்பிய வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே மண் அப்படியே நின்றது. இன்றுவரை சரியவில்லை.

அரசு வேலைக்கான பரீட்சை எழுதித் தேறி, இப்போது உத்தமபாளையத்தில் ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். போன ஆவணியில் மாமா வந்தார். பேத்தியின் படிப்புக்கு ஏதோ சான்று வேண்டும். முடி முழுக்க வெளுத்திருந்தது. வரிசையில் நின்றவர், கைக்குழந்தைக்காரி ஒருத்தியை முன்னால் விட்டார், பிறகு அவசரம் என்ற ஒருவரை விட்டார், பிறகு அவசரம் ஏதும் இல்லாத ஒருவரையும் விட்டார். நான் எழுந்து போய் அழைத்துவந்து உட்காரவைத்தேன்.

"நல்லாருக்கியாத்தா? ஆபீசரு ஆயிட்டியே" என்றார்.

தாளை வாங்கிப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு, "மாமா, அன்னைக்கு ஒங்களப் பத்தி அப்படிச் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சொன்னது நெசந்தேன்த்தா. பயந்துதேன் போனேன்" என்றார். சர்வ சாதாரணமாகச் சொன்னார். சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது. "ஒங்கள எறக்கி விட்டதும் இன்னும் பயம் வந்துருச்சு. அந்தப் பய வண்டி மேல போயிருச்சே. வீட்டுக்குப் போக முடியல. அடிவாரத்துல ஒரு டீக்கடையில சாயங்காலம் வரைக்கும் நின்னேன். அது பத்திரமா எறங்கிட்டா, நம்மள ஊரே சிரிக்கும்னு தெரியும்ல? எறங்கிருச்சு. அப்பாடான்னு இருந்துச்சுத்தா."

நான் தாளில் இனிஷியல் வைத்தேன்.

"ஒங்க செட்டு மேலயும் எனக்கு வருத்தம் கிடையாது" என்றார். "நெரையைப் பறிச்சுக்கிட்ட வண்டி அது. ஆனாலும் அது நல்லபடியா வந்து சேரணுமேன்னு நீங்கல்லாம் மழையில தெருமுனையில வந்து நின்னீகளாம்ல? வீட்டுல சொன்னாக. எத்தனை பேருக்குத்தா வரும் அந்த மனசு?"

தாளை அவரிடம் நீட்டினேன்.

"ஆமா மாமா" என்றேன்.